ஒற்றைக் குழலில் ஆறு கதைகள்

சொல்லின் துணையின்றி இசை ஒரு கதையைச் சொல்லவல்லதா? ஆங்கில இசைப்புலவர் பெஞ்சமின் பிறிற்றன் (1913–1976) இயற்றிய 'ஓவிட் வழிவந்த ஆறு உருமாற்றங்கள்' என்னும் படைப்பைக் கேட்குந்தோறும் இவ்வினா எழுகின்றது. பெரும் பல்லியம் வேண்டாது, சிற்றரங்கிற் சிலர் கூடிக் கேட்டற்குரிய இசையை மேனாட்டார் அறையிசை என்பர். இஃது அவ்வகையுள்ளும் மிகச் சிறியது. ஓபோ என்னும் ஒற்றைக் குழலுக்கே அமைந்தது. நமது நாகசுரத்தைப் போல ஓபோவும் சீவாளி பொருத்தி ஊதப்படுவதே. ஒலி மட்டும் மென்மையானது. 1951 யூன் 14ஆம் நாள், ஓல்ட்பரா இசைவிழாவின்போது, தோர்ப்னெஸ் என்னுமூரின் ஏரியில் ஜோய் போட்டன் என்னும் பெண்மணி இதனை முதன்முதல் இசைத்தார். அறையிசை அன்று திறந்தவெளி நீர்ப்பரப்பில் ஒலித்தது.

உரோமப் புலவர் ஓவிட் பாடிய 'உருமாற்றங்கள்' பதினைந்து காண்டங்கள் கொண்ட பெருங்காப்பியம். மாந்தர் மரமாயும் புள்ளாயும் கல்லாயும் நீராயும் மாறிய கதைகள் அதன்கண் நிறைந்துள்ளன. அவற்றுள் பான், பேயதன், நையோபி, பாக்கசு, நாசிசசு, அரெதூசா ஆகியோர் கதைகளைப் பிறிற்றன் தெரிந்தெடுத்தார். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் கதையைச் சுட்டும் சிறு குறிப்பொன்றுண்டு. ஆகவே சொல் முற்றும் நீங்கிற்று என்றல் பொருந்தாது. அது வாயிலில் நின்று வழிகாட்டிவிட்டு விலகிக்கொள்கின்றது.

நாணலாய் மாறிய காதலியையே குழலாக்கி ஊதியவன் பான். அவனுக்குரிய பகுதி தாளக் கட்டின்றி, நம் ஆலாபனை போல, நின்று நின்று செல்கின்றது. நீரில் தன் நிழலைக் காதலித்த நாசிசசுவின் பகுதியில் ஒரு தொடர் எழ, அதனைத் தலைகீழாக்கிய மற்றொரு தொடர் விடையிறுக்கின்றது. உருவும் நிழலும் வரவர நெருங்கி ஒன்றாகின்றன. ஒரு குழல் இருவராய்ப் பேசும் அருமையை இங்கே காணலாம். பாக்கசுவின் களியாட்டு ஆரவாரம் எமக்கு அத்துணைச் சிறந்ததாய்த் தோன்றவில்லை.

ஆயின் மூன்றாம் பகுதியாகிய நையோபியை எளிதிற் கடந்து செல்லல் இயலாது. மக்கட்பேற்றாற் செருக்குற்றுத் தெய்வத்தை இகழ்ந்த அவள், பதினான்கு மக்களையும் ஒருங்கே இழந்து கல்லானாள். கல்லான பின்னரும் அவள் கண்ணீர் வடிப்பதாக ஓவிட் பாடுகின்றார். பிறிற்றனோ, இறங்கி இறங்கி வரும் புலம்பலின் ஈற்றில் உணர்ச்சி காட்டாது இசைக்குமாறு குறித்துள்ளார். ஒலி இருக்கின்றது, அழுகை நின்றுவிடுகின்றது. கல்லென்றும் கண்ணீரென்றும் ஒருங்கே சொல்லுதல் புலவனுக்கு எளிது. குழலூதுவோர்க்கோ இரண்டில் ஒன்றே வாய்க்கும். பிறிற்றன் கல்லையே தேர்ந்தார். நம் அகலிகைக்கு இராமன் திருவடியால் மீட்சி உண்டு. நையோபிக்கு அஃது இல்லை என்பதை அந்த உணர்ச்சியற்ற இறுதி ஒலிகளில் யாம் அறிந்தவாறு, காவியத்தைப் படித்தபோதும் அறிந்திலோம்.