பாசிக்குத் தீனி போடுவது யார்?

கோடையில் குளத்துத் தண்ணீர் பச்சை பிடித்து வாடையடித்தால் உடனே இரண்டு யோசனைகள் வரும். ஆள் வைத்துப் பாசியை அள்ளலாம், இல்லையென்றால் மருந்து போடலாம். இரண்டுமே பாசியோடு மல்லுக்கட்டுகின்றன. அதற்குத் தீனி கொண்டுவரும் ஓடையைத் தொடுவதில்லை. மேக்கரை அடவிநயினார் அணையிலிருந்து அனுமன் நதியாகவும், குற்றால மலையிலிருந்து சிற்றாறாகவும் வடகரை, தென்காசி வட்டாரத்துக்கு இறங்கும் தண்ணீரில் பாசிக்கான சத்து குறைவு. ஊரைக் கடக்கும்போதுதான் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் சாணக் கழிவும் கலக்கின்றன. மேல் குளத்துப் பாசன வயல்களின் கழிவுநீர் கீழ்க் குளத்துக்கு வருவதால் டி.ஏ.பி. உரமும் சேர்கிறது. இவை எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது.

பாஸ்பரஸ்தான் காரணம் என்பது ஊகமல்ல. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் '226' என்று எண்ணிட்ட ஏரியை டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேல் என்று மாறியது. தோராயக் கணக்கில், ஒரு கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ ஈரப் பாசி வளரப் போதும். நாம் அள்ளி வெளியேற்றும் வேகத்தைவிட ஒரு சாக்கடை உள்ளே கொண்டுவரும் வேகம் ஏன் ஜெயிக்கிறது என்பது இதிலேயே விளங்கும்.

மயில்துத்தம் போட்டால் ஒரே வாரத்தில் தெளிகிறதே என்பார்கள். தெளியும்தான். ஆனால் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். சத்து மறுபடி தண்ணீருக்கே திரும்பி அடுத்த பாசிக்கு உரமாகும். பெயிண்ட் கொட்டியதுபோல் மேலே படரும் நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதில் சில வகைகளுக்குள் ஈரலைத் தாக்கும் நஞ்சு உண்டு. செல் உடைந்தால் அது தண்ணீரில் கலந்துவிடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் இந்த நஞ்சால் சுமார் 4 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் குடிக்க உதவாமல் போனது. இங்கே மேல்காற்று வீசும்போது இந்தப் படலம் கீழ்க்கரையில்தான் ஒதுங்கும். நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலும் மடையும் படித்துறையும் அங்கேதான். ஆடுமாடு இறங்குவதும் அங்கேதான்.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர், மறுகால் பாய்ந்தால் எல்லாம் அடித்துப் போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. தண்ணீர் போகும், ஆனால் பாஸ்பரஸ் வண்டலோடு ஒட்டி அடியிலேயே தங்கி, கோடையில் மெல்லக் கசியும். புல் கெண்டை விடலாம் என்கிறவர்களும் உண்டு. அது நீர்ச்செடிகளைத்தான் விரும்பித் தின்னும். செடி போனால் பாசிக்குப் போட்டியே இருக்காது. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் 1963 முதல் 1968 வரை வாஷிங்டன் ஏரிக்குள் போன கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. நம் குளங்கள் ஆழம் குறைந்தவை, அடிவண்டலையும் எடுத்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். பாதாளச் சாக்கடைக்குப் பேரூராட்சியிடம் பணம் ஏது என்றால், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி, சாக்கடை சேரும் இடத்தில் கோரை வளர்த்த ஒரு சிறு தேக்கம், கோடையில் வண்டலை விவசாயிகளுக்கு அள்ளக் கொடுப்பது ஆகியவை உள்ளூரிலேயே முடிகிற வேலைகள்.

கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் வருவதற்குள் இதைத் தொடங்க வேண்டும். ஊராட்சியில் இருப்பவர்கள் மே 1 கிராம சபையிலும், பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடமும் கேளுங்கள்: நம் குளத்தில் எத்தனை சாக்கடை விழுகிறது, முதலில் எதை அடைக்கப் போகிறீர்கள்?