கணனி ஆய்வும் காணி உறுதியும்

வெங்காய அறுவடை முடிந்த ஒரு மாலை வேளையில், கற்பிட்டிக் குடாநாட்டின் குடியேற்றம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை எமது அலுவலகத்திற்கு வந்திருந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்த சிறுவர்களுள் அவரும் ஒருவர். இன்று பிறருடைய தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் நட்டுப் பிடுங்கும் கூலி வேலையே அவரது சீவியம்.

அவரது கையிலிருந்த பொலித்தீன் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, ஊரில் உள்ள இரண்டு ஏக்கர் வயற்காணியின் உறுதி. மற்றது, ஒரு தனியார் நிறுவனத்தின் கணனி டிப்ளோமா விளம்பரம்.

“பாதர், மகள் கம்பியூட்டர் ஆராய்ச்சி செய்யப் போறனெண்டு நிக்குது. இந்தப் படிப்புக்கு முழுக் காசையும் முதலே கட்டவேணுமாம். ஊர்க் காணிய வித்துக் கட்டுவமோ எண்டு யோசிக்கிறன்” என்றார்.

“அவசரப்படாதீங்க நானா. இரண்டு தாளையும் மேசையில வைங்க, பார்ப்பம்” என்றேன்.

விளம்பரத்தில் இருந்தது ஆறு மாதப் பயிற்சி. கடிதம் தட்டச்சுச் செய்தல், கணக்குப் பதிதல், படம் வரைதல். அதில் ஒரு குறையும் இல்லை. கடையிலோ அலுவலகத்திலோ வேலை தேடுபவருக்கு அது உதவும். ஆனால் அவருடைய மகள் கேட்ட பாதை அதுவல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் காணியை இழக்கப்போகும் தந்தை அவர் ஒருவர் மாத்திரம் அல்லர் என்று தோன்றியதாலேயே இதனை எழுதுகிறேன்.

ஆராய்ச்சி என்பது எது?

தோட்டத்தில் நீர் இறைக்கும் பம்பை எடுத்துக்கொள்வோம். அதனை இயக்கி நீர் பாய்ச்சுபவர் ஒருவர். பழுதானால் திருத்துபவர் இன்னொருவர். “இதைவிடக் குறைந்த எண்ணெயில் இதே அளவு நீரை இறைக்க முடியாதா?” என்று கேட்டு, ஒரு வழியை நினைத்து, செய்து பார்த்து, அளந்து, மற்றவரும் சோதிக்கும்படி எழுதி வைப்பவர் மூன்றாமவர். கணனித் துறையிலும் இந்த மூவரும் உண்டு. கணனியைப் பயன்படுத்துபவர், அதற்கு வேண்டிய நிரல்களை எழுதுபவர், இதுவரை எவரும் விடை காணாத கேள்வியை எடுத்து விடை தேடுபவர். இந்த மூன்றாமவரையே ஆய்வாளர் என்கிறோம்.

மறுவாரம் அந்த மகள் தானே வந்தாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவள். “ஏன் பிள்ளை இந்த ஆசை?” என்று கேட்டேன். ஊர்க் காணி தொடர்பாக ஓர் அலுவலகத்திலிருந்து வாப்பாவுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்ததாம். வீட்டில் எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. தொலைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தபோது, தலையும் வாலும் இல்லாத தமிழே வந்தது. ஊரின் பெயரைக்கூட வேறு ஏதோ சொல்லாக மாற்றிவிட்டது. “அது ஏன் அப்பிடி வந்தது பாதர்? அதைச் சரியாக்க ஏலாதா?” என்று கேட்டாள்.

அவள் அறியாமலே கேட்டது ஓர் ஆராய்ச்சிக் கேள்வி. நம் நாட்டில் அதற்கு விடை தேடுவோர் இருக்கிறார்கள். அரச கடிதங்களையும் ஆவணங்களையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்திற்கும் மொழிபெயர்க்கும் கணனி முறையொன்றை மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கி, அது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளையும் வெளியிட்டுள்ளனர். அந்த வேலையின் கடினம் எங்கே இருக்கிறது தெரியுமா? கணனி கற்றுக்கொள்வதற்கு, ஒரே வாக்கியம் இரு மொழிகளிலும் சரியாக எழுதப்பட்ட சோடிகள் இலட்சக்கணக்கில் வேண்டும். ஆங்கிலத்திற்கும் பிரெஞ்சுக்கும் அவை குவிந்து கிடக்கின்றன. சிங்களத்திற்கும் தமிழுக்கும் இடையே அவை மிகக் குறைவு.

பேச்சை எடுத்தால் சிக்கல் இன்னும் பெரிது. புத்தகத்தில் “வருகிறேன்” என்று இருக்கும். நாமோ “வாறன்” என்கிறோம். புத்தகத் தமிழை மட்டும் கற்ற கணனிக்கு “வாறன்” என்பது அந்நியச் சொல். இரண்டும் ஒன்றே என்று அதற்கு எப்படிக் கற்பிப்பது? பேச்சைப் பதிவு செய்யவேண்டும், எழுதவேண்டும், ஒரு முறையை வகுக்கவேண்டும், நூறு வாக்கியத்தில் எத்தனை பிழைத்தது என்று எண்ணவேண்டும், பிழைத்ததற்குக் காரணம் தேடவேண்டும். இந்த வேலைக்குக் கணிதம் வேண்டும், பொறுமை வேண்டும், அந்தப் பேச்சைப் பிறந்ததிலிருந்து கேட்ட காதும் வேண்டும். மூன்றாவது எம் பிள்ளைகளிடம் ஏற்கனவே இருக்கிறது.

காட்டூர்க் கிராமத்து மகன்

“இதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு உரியது” என்று சொல்பவருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ராஜ் ரெட்டி. 1937 இல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்னும் கிராமத்தில், தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அக்குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர்தான்.

1958 இல் சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்றார். எதில் என்று நினைக்கிறீர்கள்? பாலமும் கட்டடமும் கட்டும் குடிசார் பொறியியலில். அங்கிருந்து அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று 1960 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கே ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்தார். அதன் பிறகே அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, 1966 இல் கலாநிதியானார். அவருக்கு வழிகாட்டியவர் ஜோன் மக்கார்தி. “செயற்கை நுண்ணறிவு” என்று இன்று எல்லோரும் பேசும் துறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயரை இட்டவர் அவரே.

ராஜ் ரெட்டி எடுத்துக்கொண்ட கேள்வி, மனிதன் பேசுவதைக் கணனி விளங்கிக்கொள்ளுமா என்பது. 1969 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1970களில் தம் குழுவினருடன் தொடர்பேச்சை விளங்கும் முறைகளை உருவாக்கினார். பின்னர் அவரது மாணவர் கை-பூ லீ, 1980களின் இறுதியில், எவர் பேசினாலும் விளங்கக்கூடிய முறையொன்றைச் செய்து காட்டினார். இன்று எம் இளைஞர் தொலைபேசியோடு பேசி வேலை வாங்குவதன் பின்னால் அந்த நீண்ட உழைப்பு இருக்கிறது. 1994 இல் கணனித் துறையின் மிக உயர்ந்த கௌரவமான ரியூரிங் விருது எட்வர்ட் பைகன்பாமுக்கும் இவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதல் தடவை.

அவர் தம் ஊரை மறக்கவில்லை. 2008 இல் ஆந்திராவில், பத்தாம் வகுப்பில் சிறந்து தேறும் கிராமப் பிள்ளைகளைத் தெரிந்து, விடுதியில் தங்கவைத்து ஆறு ஆண்டுகள் கற்பிக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கப்பட்டபோது, அதன் வேந்தராகப் பொறுப்பேற்றார்.

இந்த வரலாற்றிலிருந்து பெற்றோர் மூன்று விடயங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, சிறு வயதில் வீட்டில் கணனி இருந்ததால் அவர் ஆய்வாளர் ஆகவில்லை. அவர் பிறந்தபோது உலகில் எங்குமே இன்றுள்ளது போன்ற கணனி இருக்கவில்லை. இரண்டாவது, இடையில் மூன்று ஆண்டுகள் உழைக்கப் போனதால் அவரது படிப்பு முடிந்துவிடவில்லை. மூன்றாவது, பள்ளியிலிருந்து கலாநிதிப் பட்டம் வரை அது மிக நீண்ட பாதை.

எம் பிள்ளைகளுக்கு உள்ள வழி

இப்பாதையின் முதல் வாசல் கணிதம். சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல சித்தி பெற்று, உயர்தரத்தில் இணைந்த கணிதம் அடங்கிய பௌதிக விஞ்ஞானப் பிரிவில் கற்பதே உறுதியான வழி. கொழும்பு, மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம், வவுனியா ஆகிய பல்கலைக்கழகங்களிலும் வேறு சில பல்கலைக்கழகங்களிலும் கணனி சார்ந்த பட்டக் கற்கைகள் உண்டு. எந்தக் கற்கைக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூலில் காணலாம். அது தமிழிலும் வெளிவருகிறது. அயலவர் சொல்வதைவிட அந்த நூலை நம்புங்கள்.

அனுமதி முறையையும் அறிந்திருப்பது நல்லது. பெரும்பாலான கற்கைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று, மன்னாரும் ஒன்று. ஆகவே கொழும்பு மாணவருக்குரிய வெட்டுப்புள்ளியைக் கேட்டு எம் பிள்ளைகள் மனந்தளர வேண்டியதில்லை.

உயர்தரத்தில் வேறு பிரிவில் படித்துவிட்ட பிள்ளைக்கும் ஒரு பக்கவாசல் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு முதல் தகவல் தொழில்நுட்பத்தில் வெளிவாரிப் பட்டம் நடத்தி வருகிறது. வேலை செய்துகொண்டே கற்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தை இப்போதே தொடங்கவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு எவ்வளவு?

அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்திற்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலும் குறைந்த வருமானமுள்ளோருக்கான உதவிப்பணமும் உண்டு. அவை தங்குமிடத்திற்கும் சாப்பாட்டிற்கும் போதா என்பதை மறைக்க மாட்டேன். வீட்டிலிருந்தும் மாதம் தோறும் ஏதாவது அனுப்பவேண்டி வரும். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தின் கடைசி ஆண்டில் மாணவர் ஓர் ஆய்வைச் செய்வர். தனக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பது பிள்ளைக்கு அங்கேதான் விளங்கும்.

அதற்குப் பின்னரே கலாநிதிப் படிப்பு. அது மேலும் நான்கு தொடக்கம் ஆறு ஆண்டுகள் எடுக்கும். இங்கே எம் மக்களுள் பலர் அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கணனி விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவாகும் மாணவருள் பெரும்பாலோர் கட்டணம் செலுத்துவதில்லை. கற்பித்தலிலோ ஆய்விலோ உதவியாளராகப் பணிபுரிந்து மாதக் கொடுப்பனவு பெறுகின்றனர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அவர்கள் சம்பளம் பெறும் ஊழியர்களே. ஆகவே “ஆராய்ச்சிப் படிப்பு, இத்தனை இலட்சம் கட்டுங்கள்” என்று எவராவது கேட்டால், கையெழுத்திடுவதற்கு முன்னர் விபரம் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பாதையில் உள்ள இடர்கள்

இனிப்பாக மட்டும் பேசுவது நேர்மையல்ல. இந்தக் கரையோரத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரக் கணிதத்திற்கு ஆசிரியரைக் காண்பதே அரிது. பிள்ளை பஸ் ஏறி நகரத்திற்குப் போகவேண்டும். மாலை வகுப்பு முடிந்து பெண்பிள்ளை இருட்டில் திரும்புவதை நினைத்து உம்மாமார் அஞ்சுவது நியாயமே. தொடங்குகிற எல்லோரும் ஆய்வாளராவதும் இல்லை. இடைநடுவில் நிரல் எழுதும் வேலைக்குப் போகிறவர்களே அதிகம், அதுவும் தோல்வியல்ல. கணனியே நிரல் எழுதத் தொடங்கிவிட்ட இந்நாளில் எந்த வேலை நிலைக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. நன்கு ஊன்றிய கணித அறிவு எதற்கும் கைகொடுக்கும் என்பதை மாத்திரம் சொல்லலாம்.

இவற்றுள் எதையும் காணி விற்றுத் தீர்க்க முடியாது. கணித ஆசிரியரையும் பஸ் பயணத்தில் துணையையும் நாம் சேர்ந்து தேடிக்கொள்ளலாம். ஒரு குடியேற்றத்தில் நான்கு பெற்றோர் சேர்ந்தால் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு முச்சக்கர வண்டியை மாத வாடகைக்குப் பிடிக்கலாம். விடுமுறையில் ஊர் வரும் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு பள்ளிவாசல் மண்டபத்திலோ ஆலய மண்டபத்திலோ கணித வகுப்பு நடத்தலாம். கேட்டால் மறுப்பவர் குறைவு.

அந்தத் தந்தையிடம் நான் சொன்னதும் இதுவே. உயர்தரப் பெறுபேறு வரும்வரை உறுதியைத் தொடவேண்டாம். பெறுபேறு நன்றாக வந்தால் பல்கலைக்கழகக் கட்டணத்திற்காக அதை விற்கத் தேவை இராது. நன்றாக வராவிட்டால், விற்ற காணி திரும்பி வராது.

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். “முப்பது வருசத்துக்கு மேல அந்தக் காணிய நான் ஒழுங்காப் பார்க்கவுமில்ல, விக்கவுமில்ல பாதர்” என்றார். பிறகு உறுதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விளம்பரத் தாள் மேசையிலேயே கிடந்தது.

மகள் இப்போது இணைந்த கணிதம் படிக்கிறாள். முதல் தவணையில் கிடைத்தது முப்பத்தெட்டுப் புள்ளி. அழுதாளாம். மறுநாள் காலை வழமைபோல் பஸ்ஸில் போனாளாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நகரத்து வகுப்புக்குத் துணை தேடும் பெற்றோர் இன்னும் மூவர் அந்தக் குடியேற்றத்தில் இருக்கிறார்கள். பேசிப் பாருங்கள்.