குக்கீயை வைத்தது யார்?

இணையம் இயங்கும் அடிப்படை நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் அனுப்பும், அத்தோடு கணக்கு முடிந்தது. அடுத்த நொடியே அதே ஆள் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். செய்தி படிக்க இது போதும், கடை நடத்தப் போதாது. கூடையில் ஒரு சட்டையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடை காலியாகிவிடும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி 1994இல் இதற்குக் கண்ட தீர்வுதான் குக்கீ.

சர்வர் பக்கத்தை அனுப்பும்போது ஒரு சிறு எழுத்துத் துணுக்கையும் சேர்த்து அனுப்புகிறது. உலாவி அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அதே தளத்திடம் அடுத்து எதைக் கேட்டாலும் அந்தத் துணுக்கையும் கூடவே காட்டுகிறது. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் கொடுக்கும் வில்லை போலத்தான். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு யார் முகமும் நினைவிருக்காது, வில்லையில் உள்ள எண்தான் கணக்கு.

ஒரு குக்கீயைத் திறந்து பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அதற்கு ஒரு பெயர் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த, படித்தால் ஒன்றும் புரியாத ஒரு நீண்ட சரம் இருக்கும். எந்தத் தளத்துக்கு உரியது, எந்தத் தேதியில் காலாவதி ஆகும் என்ற குறிப்புகள் இருக்கும். மொத்தமும் ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். வந்தவரின் பெயர், முகவரி, வாங்கிய பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் தளத்தின் சர்வரில், அந்தச் சரத்துக்கு நேராக எழுதப்பட்டிருக்கும். குக்கீ ஒரு நிரல் அல்ல, தானாக இயங்கவும் செய்யாது. அதை வைரஸ் என்று நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டிய விஷயங்கள் வேறு.

உலாவியை மூடியதும் மறைந்துவிடும் குக்கீகள் ஒரு வகை. குறித்த தேதி வரை தங்குபவை இன்னொரு வகை. ஒரு காலத்தில் பல ஆண்டுகளுக்குத் தேதி போட்டு வைத்த தளங்கள் உண்டு. குரோம் 2022 முதல் எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் தருவதில்லை. ஆனால் தளத்துக்கு மறுபடி போகும்போது சர்வர் விரும்பினால் தேதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதால், அடிக்கடி போகும் தளத்தின் குக்கீக்கு இந்த உச்சவரம்பால் பெரிய மாற்றமில்லை.

ஆயுளைவிட முக்கியமான கேள்வி, குக்கீயை வைத்தது யார் என்பது. முகவரிப் பட்டையில் தெரியும் தளமே வைத்தால் அது முதல் தரப்புக் குக்கீ. லாக்-இன், கூடை, மொழித் தேர்வு எல்லாம் இதை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் இன்றைய இணையப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. விளம்பரப் பெட்டி ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும், லைக் பொத்தான் இன்னொன்றிலிருந்து வரும், பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கிடும் நிரல் மூன்றாவதிலிருந்து வரும். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம்கூட வேறொரு சர்வரிலிருந்து வரலாம். இவை ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் குக்கீ வைக்க முடியும். இவைதான் மூன்றாம் தரப்புக் குக்கீகள்.

ஒருவர் காலையில் ஒரு மருத்துவத் தளத்தில் சர்க்கரை நோய் மாத்திரை பற்றிப் படிக்கிறார். மதியம் வேறொரு தளத்தில் வாடகை வீடு தேடுகிறார். இரவில் செய்தித் தளம் ஒன்றைத் திறக்கிறார். மூன்று தளங்களுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் மூன்றிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் பெட்டி இருந்தால், அந்த நிறுவனம் முதலில் வைத்த எண் மூன்று இடத்திலும் அதனிடம் திரும்பி வருகிறது. பெயர் தெரியாவிட்டாலும் இந்த எண்ணுக்குரியவருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம், வீடு மாறப் போகிறார், இன்ன நேரத்தில் செய்தி படிப்பார் என்ற சித்திரம் கிடைத்துவிடுகிறது. பக்கம் திரையில் வந்து சேர்வதற்குள், அந்த எண்ணுக்கு விளம்பரம் காட்டும் உரிமை ஏலத்தில் விலைபோய்விடுகிறது. இவற்றில் ஏதேனும் ஒரு தளத்தில் அவர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, அது கைமாறினால் எண்ணுக்குப் பெயரும் கிடைத்துவிடும்.

இந்த ஆபத்து பிற்காலத்தில்தான் தெரியவந்தது என்று சொல்வதற்கில்லை. 1996 பிப்ரவரியில் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பிறகுதான் குக்கீ என்று ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே இணையத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் குழு, மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று தன் ஆவணத்தில் எழுதியது. அன்றைய பெரிய உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. அதற்குள் விளம்பரத் தொழில் அந்தக் குக்கீகளின்மேல் கட்டப்பட்டுவிட்டது. அத்தொழிலின் முன்னோடியான டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கும் பேரத்தைக் கூகுள் 2008இல் முடித்தது.

இருபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் நிலைமை மாறியது, அதுவும் பாதிதான். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல், ஒவ்வொரு தளத்திலும் வைக்கப்படும் குக்கீயை அந்தத் தளத்துக்குள்ளேயே பூட்டி வைக்கிறது. குரோமிலும் இரண்டு ஆண்டுகளில் இவற்றை ஒழித்துவிடுவதாகக் கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்து, மூன்று முறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்றே, உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் உலாவியையும் வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆகவே குரோம் பயன்படுத்துபவர் தாமாகத்தான் தடுக்க வேண்டும்.

கண்காணிப்பு ஒரு ஆபத்து என்றால் திருட்டு இன்னொன்று. லாக்-இன் செய்தவுடன் தளம் தரும் குக்கீதான் அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு அடையாளம். வில்லையை யார் நீட்டினாலும் செருப்பு கிடைப்பதுபோல, அந்தக் குக்கீயை நகலெடுத்தவர் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்கப்படாது, ஏனெனில் அவை ஏற்கெனவே கேட்டு முடிந்துவிட்டன. 2010இல் வந்த ஃபயர்ஷீப் என்ற கருவி, பொது வைஃபையில் உள்ள மற்றவர்களின் குக்கீகளை ஒரே சொடுக்கில் எடுத்துக் காட்டிப் பெரிய தளங்களை வெட்கப்பட வைத்தது. பிறகு, போக்குவரத்தை மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் பரவியதால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. இப்போது திருட்டு கணினிக்குள்ளிருந்தே நடக்கிறது. இலவச மென்பொருள், போலி ஒப்பந்தக் கோப்பு என்ற பெயரில் வரும் தீநிரல் உலாவியின் குக்கீகளை மொத்தமாக அள்ளி அனுப்பிவிடும். 2023 மார்ச்சில் கனடாவின் புகழ்பெற்ற லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் அலைவரிசை கைமாறியது இப்படித்தான். தொழில்நுட்பம் பேசுவதே பிழைப்பாக உள்ளவர்களுக்கே இது நடந்தது.

இதற்குத் தற்காப்பு எளிது, ஆனால் பலரும் செய்வதில்லை. பிரவுசிங் சென்டரிலோ அலுவலகப் பொதுக் கணினியிலோ வேலை முடிந்ததும் பக்கத்தை மூடினால் போதாது. லாக்-அவுட் கொடுக்க வேண்டும். லாக்-அவுட் கொடுத்தால் ஒழுங்காகக் கட்டப்பட்ட தளம் அந்தச் சரத்தைத் தன் பக்கத்திலும் செல்லாததாக்கிவிடும். கணக்கு பறிபோனதாகச் சந்தேகம் வந்தால், தீநிரல் இல்லாத வேறொரு சாதனத்திலிருந்து 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைப் பயன்படுத்தி, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் சில தளங்களில் திருடப்பட்ட குக்கீ உயிரோடு இருக்கும்.

கண்காணிப்பைக் குறைக்கும் வழிகள் உலாவியின் செட்டிங்ஸில் இருக்கின்றன. கணினியில் உள்ள குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸில் தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதிக்குப் போனால் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் இது சைட் செட்டிங்ஸுக்குள் இருக்கும். தடுத்த பிறகு அரிதாக ஏதாவது ஒரு தளம் முரண்டு பிடித்தால், அதற்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். எல்லாக் குக்கீகளையும் தடுப்பது வீண் வேலை. மின்னஞ்சலுக்குள்கூட நுழைய முடியாது. ஒரே ஒரு தளத்தின் குக்கீகளை அழிக்க, முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தைத் தொட்டால் வழி தெரியும். மொத்தமாக அழித்தால் எல்லாத் தளங்களிலும் மீண்டும் லாக்-இன் செய்ய நேரும்.

மறைநிலைச் சாளரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அதை மூடியதும் அதில் சேர்ந்த குக்கீகள் அழிவது உண்மை. ஆனால் திறந்திருக்கும்வரை தளமும் இணைய இணைப்பு தரும் நிறுவனமும் வழக்கம்போலவே பார்க்கின்றன. மறைநிலையிலும் தரவு திரட்டியதாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், திரட்டியவற்றை அழிக்கக் கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டது.

குக்கீயைத் தடுத்தாலும் கண்காணிப்பு முழுவதும் நின்றுவிடாது. திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், கருவியின் மாதிரி ஆகியவற்றைச் சேர்த்துக் கைரேகை போல ஓர் அடையாளம் உருவாக்கும் உத்தி இருக்கிறது. இதை அழிக்கப் பொத்தான் கிடையாது. கைப்பேசிச் செயலிகளோ குக்கீயை நம்பியே இல்லை, அவற்றுக்கு விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் கூகுள், விளம்பரங்கள் என்று போய் அதை நீக்கலாம். ஐபோனில் 2021 முதல் செயலி அனுமதி கேட்டுத்தான் பின்தொடர வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

தளத்தைத் திறந்தவுடன் முன்னே வந்து நிற்கும் ஒப்புதல் பெட்டி ஐரோப்பியச் சட்டத்தின் பிள்ளை. 2009இல் திருத்தப்பட்ட தனியுரிமை நெறியுத்தரவின்படி, சேவைக்கு அவசியமில்லாத குக்கீயை வைக்கும் முன் அனுமதி பெற வேண்டும். 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அனுமதி என்றால் என்ன என்பதை இறுக்கமாக வரையறுத்தது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பெட்டிகள் அதற்கும் வழி கண்டுபிடித்தன. 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்ற பொத்தான் பளிச்சென்று பச்சையில் இருக்கும். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'விருப்பங்களை மாற்ற' என்றிருக்கும். அதைத் தொட்டால் இருபது முப்பது வரிகள் விரியும், மறுக்கும் பொத்தான் அடியில் கிடக்கும். 'நியாயமான நலன்' என்ற இன்னொரு தாவலில் எல்லாம் ஏற்கெனவே இயக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து பார்ப்பவர் அபூர்வம். ஏற்பதுபோல மறுப்பதும் எளிதாக இல்லை என்ற காரணத்துக்காகவே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. அவசரத்தில் 'ஏற்கிறேன்' என்று தொட்டுவிட்டாலும், உலாவியிலேயே மூன்றாம் தரப்பைத் தடுத்து வைத்திருப்பவருக்கு இழப்பு குறைவு.

இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் சொன்னது. அதைத் தொடர்ந்து வந்த 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கீ என்ற சொல்லே இல்லை. ஆனால் குக்கீ வழியாகத் திரட்டப்படும் விவரம் ஒருவரை அடையாளம் காட்டுமானால் அது தனிநபர் தரவு. அதைக் கையாள, தெளிவான செயலால் தரப்பட்ட, குறிப்பிட்ட நோக்கத்துக்கான ஒப்புதல் பொதுவாக வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம், ஏனெனில் எட்டாவது அட்டவணையின் எந்த மொழியிலும் படிக்கும் வாய்ப்பைச் சட்டமே தருகிறது. ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். திரட்டியதை அழிக்கச் சொல்லும் உரிமையும் உண்டு. உலாவியில் குக்கீயை அழித்தால் சர்வரில் உள்ளது அழியாது என்பதால் இந்த உரிமைக்குத் தனி மதிப்பு இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும், அரசு அளிக்கும் விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டுள்ளன.

இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் கட்டாயமாகின்றன. அதன் பிறகு முறையீடு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அமைப்பிடம் போக வேண்டும். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியம். வாரியம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. உரிமைகளைத் தந்த சட்டத்தின் பெரிய ஓட்டை இது. குக்கீ திருட்டால் பணமே போயிருந்தால் வாரியத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அது குற்றம். உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.