நாவல் எழுதியவர் கையொப்பமிடும் முன்

ஆண்டுக்கணக்கில் கண்விழித்து, எழுதிய அத்தியாயங்களைக் கிழித்தும் மறுபடி எழுதியும் ஒரு நாவலை முடிக்கின்ற மனிதர், அதைப் பதிப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கும் வேளையில் மட்டும், கடையில் கைத்தொலைபேசி வாங்கும்போது காட்டும் ஜாக்கிரதையில் பாதியைக்கூடக் காட்டுவதில்லை என்பதை ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் திரும்பத் திரும்பக் கண்டு சலித்ததன் விளைவே இக்கட்டுரை.

சம்பவங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவையே. பதிப்பாளர் என்று அறிமுகமாகும் ஒருவர், பிரதியை ஒரே இரவில் படித்து முடித்துவிட்டதாகச் சொல்லி வாயாரப் புகழ்கிறார். ஐந்நூறு பிரதிகள், வண்ண அட்டை, டத்தோ ஒருவர் தலைமையில் வெளியீட்டு விழா, முதல் பிரதி பெறும் பிரமுகர்கள் உறையில் வைத்துத் தரும் தொகையிலேயே போட்ட முதல் திரும்பிவிடும் என்ற உறுதிமொழி ஆகிய யாவும் ஒரு தேநீர்க் கடை மேசையிலேயே பேசி முடிகின்றன. ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து சில ஆயிரம் வெள்ளி கைமாறுகிறது. ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப்பில் சில குரல்பதிவுகள் மாத்திரமே மிச்சம். புத்தகம் வராமல் போனாலோ, பக்கத்துக்குப் பக்கம் பிழைகளுடன் வந்தாலோ, அப்போதுதான் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே ‘இது சிவில் விவகாரம்’ என்று ஒரே வாக்கியத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் சிரமத்தை மட்டும் மேற்கொள்வதில்லை.

இந்த ஏற்பாட்டில் பணநஷ்டத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. நூலாசிரியரிடமே முழுச் செலவையும் வசூலித்துக்கொள்பவருக்கு, நாவல் நன்றாக இருப்பதால் லாபமும் இல்லை, மோசமாக இருப்பதால் நஷ்டமும் இல்லை. ஆதலால், மூன்றாம் அத்தியாயத்தை நீக்குங்கள் என்றோ, கதாநாயகியின் மனமாற்றத்துக்குக் காரணம் போதவில்லை என்றோ அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டு ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’ முதலிய நாவல்களைத் தந்த ரெ. கார்த்திகேசு, படைப்பாளியும் விமர்சகருமாக ஒருங்கே விளங்கியவர். அவ்விரு சக்திகளும் ஒருவரிடமே அமைவது அபூர்வமாகையால், மற்றவர்கள் கண்டிப்பான வாசகர் ஒருவரை வெளியே தேடியே தீர வேண்டும். செம்மையாக்கத்துக்கு யாருக்கேனும் பணம் கொடுப்பதாயிருந்தால், அதை அச்சுச் செலவோடு கலக்காமல் தனியே பேசுங்கள். கதையமைப்பைப் பற்றிய எழுத்துமூலக் குறிப்பு கிடைக்குமா, அல்லது மெய்ப்புத் திருத்தம் மட்டுந்தானா என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒற்றுப்பிழை பார்த்ததையே செம்மையாக்கம் என்று கணக்குக் காட்டுவது இங்கே சர்வசாதாரணம்.

இனி உரிமையைக் காண்போம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மனத்தில் மட்டும் இருக்கும் கதைக்குப் பாதுகாப்பில்லை. அது காகிதத்திலோ கணினியிலோ பதிவான கணத்திலேயே, எந்த அலுவலகத்திலும் பதியாமலே, ஆசிரியருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. அவர் ஆயுட்காலமும், மறைந்தபின் 50 ஆண்டுகளும் அது நிலைக்கிறது. தமக்குத் தாமே பதிவுத்தபாலில் பிரதியை அனுப்பி உறையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருக்கும் நண்பர்கள் பலர். அதனால் புதிதாக ஓர் உரிமையும் உண்டாவதில்லை. அதைவிடச் சிரேஷ்டமான வழி, பிரதியை இணைத்து, இது என் சொந்தப் படைப்பு என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் பிரமாணப் பத்திரம் செய்து வைப்பது. அத்தகைய பத்திரத்தை, மறுப்பு நிரூபிக்கப்படும்வரை செல்லும் முதல்நிலைச் சான்றாக 42-ஆம் பிரிவு ஏற்கிறது. இன்னும் உறுதி வேண்டுவோர், 2012 முதல் நடைமுறையிலுள்ள தன்னிச்சை அறிவிப்பு முறையில், அதே பிரமாணப் பத்திரத்தையும் பிரதியையும் கட்டணத்தையும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்திடம் செலுத்திப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

பலர் அறியாத சங்கதி, 27-ஆம் பிரிவில் இருக்கிறது: பதிப்புரிமையை மாற்றிக்கொடுப்பதாயினும் தனியுரிமை அனுமதி வழங்குவதாயினும், எழுத்தில் இல்லாவிடில் அது செல்லாது. ஆகவே, ‘அன்றைக்கே எனக்குக் கொடுத்துவிட்டீர்களே’ என்று மிரட்டும் பதிப்பாளரிடம் காகிதம் இல்லையானால், அந்த உரிமை உங்களிடமே இருக்கிறது, அஞ்ச வேண்டாம். ஆனால் 26-ஆம் பிரிவு எதிர்த்திசையில் வெட்டும். ஒரு கோயில் நிர்வாகமோ சங்கமோ கூலி கொடுத்து உங்களை ஒரு நூல் எழுதச் சொன்னால், மாறாக உடன்படிக்கை இல்லாதவரை, அந்நூலின் பதிப்புரிமை எழுதச் சொன்னவர்க்கே போனதாகச் சட்டம் கருதும்.

எனவே, ஒப்பந்தம் எழுதுங்கள். எழுதிய பின்னரே பணம் கொடுங்கள். இரண்டு பக்கம் போதும், மொழி எதுவாயினும் ஆகும். பதிப்புரிமை ஆசிரியருடையது என்ற வாசகம் முதலில் இருக்கட்டும். பதிப்பாளருக்குக் கொடுப்பது அச்சுநூல் அனுமதி மட்டுமா, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் யாவுமா? எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளில்? எத்தனை பிரதி, எத்தனை பாரம், எந்தத் தேதிக்குள், தேதி தவறினால் எவ்வளவு தொகை திரும்பும், விற்காத பிரதிகள் யார் வசம், கணக்கு ஆண்டுக்கு எத்தனை முறை? அச்சுக்குப் போகும் இறுதிக் கணினிக் கோப்பு உங்கள் கையில் வர வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். மறுபதிப்பு வேண்டும்போது, அந்தக் கோப்பு இல்லாமல் முழுநூலையும் மறுபடி கோப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: கையொப்பத்தின்போது ஒரு பகுதி, மெய்ப்பு கைக்கு வந்தபின் ஒரு பகுதி, பிரதிகளை எண்ணி எடுத்தபின் எஞ்சியது. ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், வங்கி வழியே செலுத்துங்கள். ரசீது வாங்குங்கள்.

கையொப்பமிட்டுப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் முத்திரைத் தீர்வைப் பிரிவில், கையொப்பமிட்ட 30 நாள்களுக்குள் தீர்வை செலுத்தி முத்திரை பெற வேண்டும். முத்திரையில்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது, காலம் கடந்தால் அபராதமும் உண்டு. வேறு எதை மறந்தாலும் மறக்கலாம், இந்த 30 நாளை மறக்க வேண்டாம்.

சொந்தமாக வெளியிடுவோர் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்காக எவரிடமும் நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை. கோலாலம்பூர் தேசிய நூலகம் அதை இலவசமாகவே வழங்குகிறது. நூல் வெளியான ஒரு மாதத்துக்குள் அதே நூலகத்துக்கு ஐந்து பிரதிகள் செலுத்துவது 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். நூலின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ அச்சகத்தாரின் பெயரும் முகவரியும், வெளியிடுவோரின் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். முழுவதும் தமிழிலேயே அச்சிட்டுவிட்டு நிம்மதியாக இருப்போர் இதைக் கவனிக்க. நாவலுக்குப் பத்திரிகை போல உள்துறை அமைச்சின் முன்னனுமதி தேவையில்லை. எனினும், வெளிவந்த பிறகு அமைச்சர் தடை விதிக்க இயலும்: ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவல் 2020 டிசம்பரில் அவ்வாறே தடைசெய்யப்பட்டது. தடைசெய்த நூலை அச்சிடுவதற்கோ விற்பதற்கோ 3 ஆண்டு வரை சிறையும் 20,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தடையை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோருவோர் மூன்று மாதத்துக்குள் மனுச் செய்தாக வேண்டும். இதற்கு மட்டும் வழக்கறிஞரைத் தேடுவதே உசிதம்.

சென்னையில் பதிப்பிப்போர் தனியே ஒன்றை அறிந்திருப்பது நலம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில், உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிக்காவிடில் அது ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்காவிடில் இந்தியா மட்டும் என்றும் கருதப்படும். பெற்ற உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிடில், வேறு உடன்பாடு இல்லாதபோது, அது காலாவதியாகும். அங்கே எழுதாமல் விட்ட இடத்தைச் சட்டமே இவ்வாறு இட்டு நிரப்புகிறது. இங்கே அந்த அநுகூலத்தை நம்பிக்கொண்டு இடைவெளி விடாதீர்கள்.

ஏமாந்தபின் என்ன பரிகாரம்? முதலில், தொகையும் தேதியும் குறித்து 14 நாள் அவகாசத்துடன் பதிவுத்தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பி, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையேல், கோருவது 5,000 வெள்ளிக்கு மேற்படாதவரை, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்கைப் படிவம் 198-இல் பதியலாம். இதில் வழக்கறிஞர் ஆஜராக இடமில்லை, ஆதலால் அவருக்கான செலவும் இல்லை. முகப்பில் இருப்போர் படிவத்தை நிரப்பிக் காட்டுவதில்லை என்பதால், ரசீது, வங்கிச் சான்று, குரல்பதிவுகளின் எழுத்துவடிவம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு செல்லுங்கள். பயனீட்டாளர் நடுவர்மன்றம் அறிவுசார் சொத்துத் தகராறுகளை விசாரிக்காது. அவற்றுக்காக அங்கே போய்க் காலத்தை வீணாக்க வேண்டாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள், ஜார்ஜ்டவுனிலுள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். நூலைத் திருடி அச்சிட்டவர்மீது உயர்நீதிமன்றத்தில் தடையாணையும் இழப்பீடும் கோரலாம். நஷ்டத்தை நிரூபிக்க இயலாதவர்க்கு, ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை சட்டப்படியான இழப்பீடு வழங்க மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு வழி செய்கிறது.

ஒப்பந்த மீறலுக்கு வழக்கிட ஆறு ஆண்டுகள்தாம் அவகாசம். முன்பே பணம் கொடுத்துவிட்டு, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்போர், வங்கிக் கணக்கு அறிக்கையை இன்றைக்கே கேட்டு வாங்கி, பணம் கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.