சுவரில் தொங்கும் படம் கல்லச்சா?

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? கதவு, நிலை, உத்திரம் எல்லாவற்றுக்கும் விலை பேசுவார்கள். சுவரில் தொங்கிய பழைய சாமி படத்தை மட்டும் பழைய சாமான்காரரிடம் சும்மா கொடுத்துவிடுவார்கள். அது வெறும் காலண்டர் படமாக இருக்கலாம். நூறாண்டுக்கு முந்திய கல்லச்சுப் படமாகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். எப்படி என்று பார்ப்போமா?

லித்தோகிராஃபி எனப்படும் கல்லச்சை 1796இல் பவேரியாவில் கண்டறிந்தவர் அலாய்ஸ் செனஃபெல்டர். எண்ணெயும் நீரும் ஒட்டா அல்லவா? அதுவே இதன் அடிப்படை. நன்கு தேய்த்த சுண்ணாம்புக்கல்லின் மேல், கொழுப்புச் சேர்ந்த மைக்கோலால் படம் வரைவார்கள். கொழுப்பு அமிலம் கல்லிலுள்ள கால்சியத்துடன் கூடி, நீரில் கரையாத சோப்பாகிப் படிந்துவிடும். பிறகு வேலம் பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள். வரையாத இடங்கள் நீரைப் பிடித்துக்கொள்ளும் தன்மை பெறும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கோடுகளில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடம் மையை விலக்கும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். பல வண்ணம் வேண்டுமானால் வண்ணத்துக்கு ஒரு கல்!

இம்முறையால் சாமி படங்களை நம் நாட்டு வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் முக்கியமானவர் ஓவியர் ராஜா ரவிவர்மா (1848–1906). 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். பின்னர் அது லோனாவாலா அருகிலுள்ள மலவலிக்கு மாறியது. அங்கு அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் ஊர் ஊராகப் பரவினர். 1972இல் நேர்ந்த தீ விபத்தில் அந்த அச்சகம் அழிந்தது.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் இந்த இதழின் அட்டைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல், சிறு சிறு பூக்கோலம்போல் தெரியும். இது ஆப்செட் அச்சு. அடுத்து அந்தப் பழைய படத்தைப் பாருங்கள். புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கின்றிச் சிதறியிருக்கின்றனவா? ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் உள்ளனவா? அப்படியானால் அவை ஒருவர் கல்லின்மேல் கையால் வைத்த புள்ளிகளாக இருக்கலாம். இன்றைய இன்க்ஜெட் அச்சிலும் புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும். ஆனால் அவை மிக மிக நுண்ணியவை.

கல்லச்சு என்று தெரிந்தவுடன் லட்சக்கணக்கில் விலை போகும் என்று எண்ணிவிடாதீர்கள்! ரவிவர்மா வரைந்தது எண்ணெய் ஓவியம். அதைப் பார்த்துக் கற்களில் எழுதியவர்கள் அச்சகத்துக் கைவினைஞர்கள். ஓவியரே கல்லில் வரைந்து, சில பிரதிகள் மட்டும் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் 5/50 என்று எண்ணிட்டுக் கையெழுத்திட்டதே மூலக் கல்லச்சு. ஐம்பது பிரதிகளில் இது ஐந்தாவது என்று பொருள். கையெழுத்தையும் லென்சில் பாருங்கள். அதுவும் புள்ளிகளாகத் தெரிந்தால், படத்தோடு சேர்த்து அச்சடித்தது. பென்சில் எழுத்து தாளின்மேல் சற்று மினுமினுக்கும்.

யார் வரைந்தது, எத்தனை பிரதிகள் எஞ்சியுள்ளன, தாள் கெடாமல் இருக்கிறதா, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பவற்றைப் பொறுத்தே விலை அமையும். தாளின் பழுப்பை மட்டும் நம்பாதீர்கள். தேயிலைச் சாற்றில் நனைத்தால் புதுத் தாளும் பழுக்கும்!

உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஓரங்களை வெட்டாதீர்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். வெயிலும் ஈரச்சுவரும் படாமல் வையுங்கள். அந்தப் படம் எப்போது, எங்கே வாங்கியது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். லென்ஸ் சொல்லாத செய்தியைப் பாட்டி சொல்லக்கூடும்.