அரையாண்டுக்கு முன் ஒரு டிசி

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம், தலைமையாசிரியர் அறை வாசலில் நாலைந்து பெற்றோராவது நிற்பார்கள். அப்பாவுக்கு மாற்றல். வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டாம் டேர்ம் ஃபீஸுக்கு வழியில்லை. வகுப்பில் பிள்ளையை யாரோ விடாமல் சீண்டுகிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “பழைய ஸ்கூல்ல டிசி தருவாங்களா சார்?”

எட்டாம் வகுப்பு வரை இந்தக் கவலைக்குப் பெரிய அவசியமில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறிச் செல்வதைக் குழந்தையின் உரிமையாகவே சொல்கிறது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனடியாக டிசி தர வேண்டும். இழுத்தடித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டிசி வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவதற்கும் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு இடம் தரவில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல டிசி, பாக்கி விவரத்தை அதில் எழுதக் கூடாது என்று கறாராகவே சொன்னது. பாக்கி இருந்தால் பெற்றோரிடம் கேட்க வேண்டும்; பிள்ளையின் சான்றிதழைப் பிடித்துவைத்துக் கேட்கக் கூடாது.

ஆனால், நடைமுறையில் முடிச்சு விழுவது காகிதத்தில் அல்ல, கணினியில். தமிழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும், கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி அந்தப் பெயரை ‘காமன் பூல்’ எனப்படும் பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான், புதிய பள்ளி அதைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். அட்மிஷன் போட உட்காரும் ஆசிரியர் எண்ணைத் தட்டிப் பார்ப்பார். பையன் இன்னமும் பழைய பள்ளியிலேயே படிப்பதாகத் திரை காட்டும். “சார், அந்தப் பையனைக் கொஞ்சம் பூல்ல விடுங்க சார்” என்று போன் போகும். அங்கே கிளார்க் லீவு. மறுநாள் சர்வர் மெதுவாக இருக்கும். சில சமயம் பாக்கிக் கட்டணத்துக்கான பிடியும் இங்கேதான் ஒளிந்திருக்கும். இதற்குப் பயந்து பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். வகுப்பில் உட்கார வைத்துவிட்டு எழுத்து மூலம் கோரிக்கை கொடுங்கள். நகரவில்லை என்றால் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். பெரும்பாலும் மனு என்ற சொல்லே வேலையை முடித்துவிடும்.

பெற்றோர் அதிகம் யோசிக்காத இடம் பாடம். மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கோ, அங்கிருந்து இங்கோ நடுவில் மாறும் பிள்ளை, இரண்டு புத்தகங்களின் வரிசை வேறு என்பதால், ஒரு கணக்குப் பாடத்தை இரண்டு முறை படிப்பான். இன்னொன்றை ஒருமுறைகூடப் படிக்கமாட்டான். இரண்டாவதுதான் ஆபத்து. அது அடுத்த ஆண்டு, அதன்மேல் வேறொரு பாடம் ஏறும்போதுதான் தெரியவரும். அதற்குள் அவனுக்கு ‘கணக்கு வராது’ என்று பெயர் வைத்திருப்போம். டிசி வாங்கும் அன்றே பழைய பள்ளியில் எதுவரை நடத்தினார்கள் என்று பாடவாரியாக எழுதி வாங்கிவிடுவது நல்லது. நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருந்தாலே போதும்.

இந்தச் சிக்கலுக்கு மத்திய அரசு எப்போதோ ஒரு வழி கண்டது. அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே 1963இல் தொடங்கியவை கேந்திரிய வித்யாலயாக்கள். ஆவடியில் விட்ட புத்தகத்தைக் குவாஹாட்டியில் தொடரலாம். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் மாநிலப் பாடத்திட்டத்துக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு. கீழ் வகுப்புகளில் மூன்று பருவ முறை இருப்பதால், அக்டோபரிலோ ஜனவரியிலோ சேரும் பிள்ளைக்கு மற்றவர்களைப் போலவே புதுப் புத்தகம் கிடைக்கும். முந்தைய பருவத்தின் தேர்வு முடிந்துபோயிருக்கும். மாற்றத்தான் வேண்டும் என்றால் அந்த இரண்டு மாதங்களைப் பாருங்கள். நவம்பர் நடுவில் சேர்ப்பது யாருக்கும் நல்லதல்ல. ஒரே விதிவிலக்கு, பிள்ளை அடியோ அவமானமோ படுகிறாள் என்றால். அப்போது பருவம் பார்க்கக் கூடாது, அடுத்த நாளே மாற்றலாம். வெறும் மார்க்குக்காக என்றால் மே மாதம் வரை பொறுப்பதில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மேல் வகுப்பில் கதை வேறு. சிபிஎஸ்இ விதிப்படி, பத்தாம் வகுப்பில் சேர வேண்டுமானால் ஒன்பதாம் வகுப்பை அந்த வாரியத்தின் பள்ளி ஒன்றிலேயே படித்துத் தேறியிருக்க வேண்டும். ஒன்பதை மாநிலப் பாடத்திட்டத்தில் முடித்துவிட்டுப் பத்துக்கு அங்கே போகலாம் என்ற திட்டம் வாசலிலேயே நின்றுவிடும். ஒரு சிபிஎஸ்இ பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் பத்திலோ பன்னிரண்டிலோ மாறுவதற்கும் பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணமும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

இனி, அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கிறவர்களுக்கு. பக்கத்தில் புதிதாக ஒரு மெட்ரிக் பள்ளி திறந்திருக்கிறது, வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது, ஏழாம் வகுப்பு மகளை ஓர் ஆண்டு அங்கே போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று தோன்றும். திரும்பலாம்தான். ஆனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. 2020இல் வந்த அந்தச் சட்டத்தையொட்டி மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அதே ஆறு முதல் பன்னிரண்டைத்தான் கேட்கிறது. தனியார் மெட்ரிக் பள்ளியில் கழிந்த வருடம் அந்தக் கணக்கில் சேராது. ஐந்து வருடம் கழித்துக் கவுன்சலிங்குக்காகப் படிப்புச் சான்று கேட்டு நிற்கும்போது, ஏழாம் வகுப்புக்கு நேரே வேறொரு பள்ளியின் பெயர் இருக்கும். டிசிக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன்னால் இதை வகுப்பாசிரியரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்; நீங்கள் முடிவெடுத்துவிட்டு வந்திருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள்.