சீட்டைக் கவிழ்ப்பதும் ஓர் ஆட்டம்தான்!

தீபாவளி வந்தால் நம் வீடுகள் பலவற்றில் முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் சீட்டுக்கட்டும் வந்துவிடும். அந்த வட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். என்ன சீட்டு வந்தாலும் “நானும் இருக்கேன்” என்பவர் ஒருவர். பார்த்துவிட்டுப் பேசாமல் கவிழ்த்து வைப்பவர் இன்னொருவர். இரண்டாமவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வோம். போக்கரில் அவர் பாணிக்குத் தனிப் பெயரே உண்டு: ‘டைட்’.

இதன் அடிப்படை கணக்குதான். ‘டெக்சஸ் ஹோல்டம்’ ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு. 52 சீட்டிலிருந்து 1,326 விதமாக இரண்டு சீட்டு வரலாம். இரண்டும் ஏஸாக அமைவது அதில் 6 விதம் மட்டுமே; அதாவது 221 முறைக்கு ஒரு முறை. வரும் சீட்டில் பெரும்பாலானவை சுமார்தான். அதனால் ‘டைட்’ ஆட்டக்காரர் பத்தில் எட்டு முறை கவிழ்த்துவிடுவார்.

அப்படியென்றால் காத்திருந்தாலே போதுமா? போதாது. சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்துக் கட்டும் ‘பிளைண்ட்’ பணம் கரைந்துகொண்டே இருக்கும். அதோடு, ஏஸ் ஜோடிகூட ஒரே எதிராளி என்றால் சுமார் 85 விழுக்காடு வெல்லும். எட்டுப் பேரும் உள்ளே இருந்தால் அது சுமார் 35 விழுக்காடாகச் சரிந்துவிடும். ஆகவே நல்ல சீட்டு வந்ததும் பந்தயத்தை உயர்த்தி, கூட்டத்தைக் குறைக்க வேண்டும். குறைவாக ஆடு, ஆடும்போது அழுத்தமாக ஆடு என்பதே இந்தப் பாணி. ஒரே குறை, எப்போதும் இப்படியே ஆடினால் எதிராளி கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் பணம் வைத்ததும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

அமெரிக்க ஆட்டக்காரர் டேன் ஹாரிங்டன் இதற்கு நல்ல உதாரணம். நிதானத்துக்குப் பேர்போன அவருக்குப் பட்டப்பெயர் ‘ஆக்‌ஷன் டேன்’! 1995-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். 839 பேர் ஆடிய 2003-இல் மூன்றாமிடம், 2,576 பேர் ஆடிய 2004-இல் நான்காமிடம்.

இனி முக்கியமான விஷயம். இந்தப் பொறுமை, ஆள் எதிரே ஆள் ஆடும்போதுதான் உதவும். ஸ்லாட் இயந்திரத்திலும் ரூலட்டிலும் கணக்கு முதலிலிருந்தே நடத்துபவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கே நிதானமாக ஆடினால் மெதுவாகத் தோற்கலாம், அவ்வளவுதான். கைப்பேசியில் வரும் சூதாட்டச் செயலிகள் பலவும் இந்த வகைதான்.

சட்டமும் உண்டு. மலேசியாவில் உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட மையம் கெந்திங் மலையில் உள்ளது; பொதுச் சூதாட்ட இல்லங்களை 1953-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாலம் கடந்து வேலைக்குப் போகும் ஜொகூர் இளையர்கள் இதையும் அறிய வேண்டும்: சிங்கப்பூரில் 2022 முதல் குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேருக்கு நேர் ஆட விலக்கு உண்டு. இணையத்தில் ஆடினால் அந்த விலக்கு இல்லை.

சம்பளம் வந்த வாரம், “விட்டதைப் பிடிச்சிடலாம்” என்று நண்பர் ஒருவர் கைப்பேசியை எடுத்தால், கவிழ்த்து வைக்க வேண்டியது சீட்டை அல்ல, அந்தக் கைப்பேசியைத்தான். அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல ஒருவர் தேவை. அது நீங்களாக இருக்கலாம்.